பூட்லெக் ஒலிப்பதிவும் இசைஞரின் இசைவும்

1970 செப்டம்பர் 4 அன்று லாஸ் ஏஞ்சல்ஸ் ஃபோரம் அரங்கில் லெட் செப்பலின் குழு நடத்திய கச்சேரியை, பார்வையாளர் கூட்டத்தில் இருந்தவர்கள் அனுமதியின்றி டேப்பில் பதிந்தனர். அது 'லைவ் ஆன் புளூபெர்ரி ஹில்' என்ற பெயரில் இசைத்தட்டாக விற்பனைக்கு வந்தது. இவ்வாறு கலைஞரின் இசைவு இல்லாமல் நேரடி நிகழ்ச்சியைப் பதிந்து பரப்புவதே பூட்லெக். திருட்டு சிடி என்பது வேறு. அது ஏற்கெனவே வெளிவந்த ஆல்பத்தின் நகல்; அசலைக் கடையில் வாங்க முடியும். பூட்லெக்குக்குப் பெரும்பாலும் அசல் என்று ஒன்று கடையிலேயே இராது. திருட்டு சிடியைத் தொடாத ரசிகர்கூட இதற்கு மயங்குவது அதனால்தான்.

கச்சேரி ஒன்றில் இரண்டு உரிமைகளாவது உண்டு. பாடலை இயற்றியவருக்கு உள்ளது ஒன்று. அதை மேடையில் நிகழ்த்தியவருக்கு உள்ளது மற்றொன்று. மேற்சொன்ன தட்டுக்குப் பெயர் தந்த 'புளூபெர்ரி ஹில்' 1940இல் எழுதப்பட்ட பாட்டு. லெட் செப்பலின் அதை அன்றைய மேடையில் பாடியது, அவ்வளவே. ஆகவே, இயற்றியவருக்கு ராயல்டி கட்டிவிட்டதாக விற்பவர் சொன்னாலும், அது உண்மையாகவே இருந்தாலும், நிகழ்த்தியவரின் இசைவு கிடைத்ததாக ஆகாது.

சட்டம் இந்த வணிகத்தின் பின்னால் மெதுவாகத்தான் வந்தது. அமெரிக்காவில் ஒலிப்பதிவுகளுக்குக் கூட்டாட்சிப் பதிப்புரிமை கிடைத்ததே 1972 பிப்ரவரி 15 முதல்தான். நேரடி மேடை நிகழ்ச்சிக்கான கூட்டாட்சிப் பாதுகாப்பு 1994இல் வந்தது. அதன்படி, இசைவின்றி ஒரு நேரடி இசை நிகழ்ச்சியைப் பதிவது, நகலெடுப்பது, விற்பது, வாடகைக்கு விடுவது எல்லாமே வழக்குக்கு உரியவை. ஆதாயத்துக்காகத் தெரிந்தே செய்தால் அது குற்றம்: முதல் முறை 5 ஆண்டு வரை சிறை, மீண்டும் செய்தால் 10 ஆண்டு வரை. ஆதாயம் எதுவும் கருதாமல் நண்பர்களுக்குக் கொடுப்பவர் மீது இந்தக் குற்றப் பிரிவு பாயாது. ஆனால் இழப்பீட்டு வழக்கிலிருந்து அவருக்கு விலக்கு இல்லை.

ஐரோப்பாவில் ஓட்டை வேறு இடத்தில் இருந்தது. பில் காலின்ஸ் 1983இல் கலிஃபோர்னியாவில் பாடிய கச்சேரியின் பதிவு அவர் ஒப்புதலின்றி ஜெர்மனியில் விற்கப்பட்டது. வெளிநாட்டில் பாடினாலும் ஜெர்மானியக் கலைஞருக்கு அந்நாட்டுச் சட்டம் துணை நின்றது. பிரிட்டிஷ் குடிமகனான காலின்ஸுக்கு நிற்கவில்லை. அன்று பிரிட்டனும் அடங்கிய ஐரோப்பியச் சமூகத்தின் உறுப்பு நாட்டுக் குடிமக்களுக்கிடையே இப்படிப் பாகுபாடு காட்டக் கூடாது என்று ஐரோப்பிய நீதிமன்றம் 1993இல் தீர்ப்பளித்தது.

இந்தியாவில் பதிப்புரிமைச் சட்டத்தின் 38ஆம் பிரிவு நிகழ்த்துநர் உரிமையை 50 ஆண்டுகளுக்குத் தருகிறது. சொந்தப் பயன்பாட்டுக்காகப் பதிந்துகொள்வதை 39ஆம் பிரிவு அந்த உரிமையின் மீறலாகக் கருதுவதில்லை. நுழைவுச் சீட்டில் ஒலிப்பதிவுக்குத் தடை போட்டிருந்தால் அரங்கத்தார் வெளியேற்றலாம் என்பது தனி விஷயம். அந்தப் பதிவை விற்பதற்கு இந்த விலக்கு பொருந்தாது. தெரிந்தே உரிமையை மீறுபவருக்கு 63ஆம் பிரிவின்படி 6 மாதம் முதல் 3 ஆண்டு வரை சிறையும், 50,000 முதல் 2 லட்சம் ரூபாய் வரை அபராதமும் விதிக்கப்படலாம்.

வாங்குபவருக்குச் சிறையைவிட ஏமாற்றமே உடனடி ஆபத்து. 1977 ஜூன் 21 அன்று அதே ஃபோரத்தில், சக்கர நாற்காலியில் மறைத்துக் கொண்டுபோன கருவியால் ஒரு ரசிகர் பதிந்த லெட் செப்பலின் கச்சேரி அதன் தெளிவுக்காக இன்றும் பேசப்படுகிறது. அது அபூர்வம். கைதட்டலும் இரைச்சலும் பாட்டை விழுங்கிய பதிவுகள், தேதியும் ஊரும் மாற்றி அச்சிட்டவை, ஒரே கச்சேரி மூன்று பெயர்களில் விற்கப்படுபவை ஆகியவையே அதிகம். 2007இல் கிளாஸ்கோ நீதிமன்றத்தில் லெட் செப்பலின் கிதார் கலைஞர் ஜிம்மி பேஜ், பூட்லெக் விற்ற ஒருவர் மீதான வழக்கில் நேரில் சாட்சி சொன்னபோது, இசையே கேட்காத பதிவுகளும் ரசிகர் தலையில் கட்டப்படுவதைக் குறிப்பிட்டார். அந்த வழக்கில் விற்றவருக்கு 20 மாதச் சிறை கிடைத்தது.

கலைஞர்களுக்கு நீதிமன்றத் தடை, இழப்பீடு, பிரதிகளை அழிக்கும் ஆணை, சுங்கத் துறைப் பறிமுதல் ஆகிய வழிகள் உள்ளன. முரட்டு வழியும் இருந்தது: லெட் செப்பலின் மேலாளர் பீட்டர் கிராண்ட் 1971இல் வான்கூவரில் ஒலிப்பதிவுக் கருவி என்று நினைத்து உடைத்தது, இரைச்சலை அளக்க வந்த அதிகாரியின் கருவியை! அதைவிடப் பயன் தந்தது சந்தையைத் தாமே எடுத்துக்கொண்டதுதான். கிரேட்ஃபுல் டெட் குழு 1984 முதல் பதிவு செய்பவர்களுக்கென்று அரங்கில் தனி இடமே ஒதுக்கியது. மாற்றிக்கொள்ளலாம், விற்கக் கூடாது என்பதே நிபந்தனை. இசைஞர் ஃபிராங்க் ஸாப்பா 1991இல் தன் பூட்லெக்குகளையே எடுத்து அதிகாரபூர்வமாக வெளியிட்டார். 2000ஆம் ஆண்டுச் சுற்றுப்பயணக் கச்சேரிகளைப் பேர்ல் ஜாம் குழு 72 ஆல்பங்களாக விற்றது.

வாங்கும் முன் குழுவின் இணையதளத்தில் உள்ள ஆல்பப் பட்டியலோடு ஒப்பிட்டுப் பார்ப்பது எளிய தற்காப்பு. வெளியிட்ட நிறுவனத்தின் பெயரோ உரிமைக் குறிப்போ அட்டையில் இல்லையென்றால் சந்தேகப்படலாம். அதிகாரபூர்வ ஆல்பம் என்று நம்பி இணையக் கடையில் வாங்கி ஏமாந்தவர், விளம்பரப் பக்கத்தின் படத்தையும் ரசீதையும் பத்திரப்படுத்தி, முதலில் அந்தக் கடையின் குறைதீர் அலுவலரிடம் புகார் தரவேண்டும். இந்தியாவின் 2020ஆம் ஆண்டு மின்வணிக விதிகளின்படி அந்த அலுவலர் 48 மணி நேரத்துக்குள் ஒப்புகை தந்து, ஒரு மாதத்துக்குள் தீர்வு காண வேண்டும். இல்லாவிட்டால் 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணை அழைக்கலாம். அதன் பிறகும் பணம் திரும்பவில்லையென்றால் மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் முறையிடலாம்.