அங்கெலா மேர்க்கெலும் அகதிகளும்

"முஸ்லிம் நாடுகளெல்லாம் கதவைச் சாத்த, அந்த மனுசிதான் திறந்து விட்டா" என்று 2015இல் எங்கட பள்ளிவாசல் முன்றலில் ஒருவர் சொன்னார். நானும் தலையாட்டினேன். பிறகு வாசித்தபோது அதில் இரண்டு பிழைகள் இருப்பது தெரிந்தது.

முதலாவது, துருக்கி மட்டுமே அப்போது 20 இலட்சமளவு சிரியர்களைத் தாங்கிக்கொண்டிருந்தது. லெபனானும் ஜோர்தானும் தம் சக்திக்கு மீறிச் சுமந்தன.

இரண்டாவது, மேர்க்கெல் எந்த எல்லையையும் திறக்கவில்லை. ஷெங்கன் உடன்பாட்டின்படி ஒஸ்திரியா - ஜேர்மனி எல்லை ஏற்கெனவே திறந்துதான் கிடந்தது. ஆனால் டப்ளின் விதியொன்று உண்டு: அகதி முதலில் கால் வைத்த ஐரோப்பிய நாடே பொதுவாக அவரது மனுவை விசாரிக்க வேண்டும். புடாபெஸ்ட் ரயில் நிலையத்தில் மறிக்கப்பட்டவர்கள் செப்டெம்பர் 4ஆம் திகதி நெடுஞ்சாலை வழியே ஒஸ்திரியாவை நோக்கி நடக்கத் தொடங்கினார்கள். அந்த விதியைக் காட்டி அவர்களைத் தடுக்க வேண்டாம் என்று அன்றிரவு அவர் தீர்மானித்தார். மூடாமல் விட்டார், அவ்வளவுதான். அதுவும் சின்ன விஷயமில்லை. அவ்வருடம் ஏறக்குறைய 8,90,000 பேர் புகலிடம் தேடி ஜேர்மனிக்கு வந்தார்கள்.

1954இல் ஹம்பர்க்கில் பிறந்தவர். பாதிரியாரான தந்தை கிழக்கு ஜேர்மனியில் பணியேற்க, கைக்குழந்தையாகவே அங்கு போனார். பெர்லின் மதில் எழும்பியபோது வயது ஏழு, விழுந்தபோது முப்பத்தைந்து. அதுவரை இயற்பியல் ஆராய்ச்சியாளர். 2005 நவம்பரிலிருந்து 2021 டிசம்பர் வரை சான்சலர்.

ஆனால் இதே மனுசிதான் 2010இல், பல்கலாசாரம் என்ற முயற்சி அடியோடு தோற்றுவிட்டது என்றும் பேசியவர். 2015 ஜூலையில் ரொஸ்டொக் நகரில், நாடு கடத்தப்படுவோமோ என்று பயந்திருந்த பலஸ்தீனச் சிறுமியிடம், எல்லோரையும் வைத்திருக்க முடியாது என்று முகத்துக்கு நேரே சொன்னார். பிள்ளை அழுதது. கிட்டப் போய்த் தடவிக்கொடுத்தார், சொன்னதை மாற்றவில்லை. இதெல்லாம் நடந்தது அந்த இரவுக்கு இரண்டு மாதமும் இல்லாத இடைவெளியில்.

2016 மார்ச்சில் துருக்கியோடு ஐரோப்பிய ஒன்றியம் செய்த உடன்பாட்டின் பின்னாலும் அவர்தான் முன்னின்றார். கிரேக்கத் தீவுகளுக்கு முறையின்றி வருவோரைத் துருக்கி திரும்ப ஏற்க வேண்டும், அங்குள்ள அகதிகளுக்காக ஐரோப்பா 600 கோடி யூரோ வரை தரும். சாத்திய கதவின் சாவியை அடுத்த வீட்டாரிடம் கொடுத்த மாதிரித்தான் எனக்கு இது படுகிறது.

அரசியலில் அவர் விலையும் கொடுத்தார். 2017 தேர்தலில் குடியேற்ற எதிர்ப்புக் கட்சியான ஏ.எஃப்.டி 12.6 வீத வாக்கோடு முதன்முறை பாராளுமன்றம் புகுந்தது. மறுவருடம் அவருடைய உள்துறை அமைச்சரே, இஸ்லாம் ஜேர்மனிக்குரியதல்ல என்றார். மேர்க்கெல் அன்றே அதை மறுத்தார். 2015 ஜனவரியில் தான் சொன்ன, இஸ்லாமும் ஜேர்மனிக்கு உரியது என்ற பேச்சிலிருந்து அவர் பின்வாங்கவில்லை.