மழைக்காலத்தில் கூரையைப் பிரிக்கலாமா?



ஐப்பசி பிறந்துவிட்டால் நமது அறக்கட்டளைக்கு வரும் மனுக்களில் பெரும்பாலானவை கூரையைப் பற்றியவை. "ஓடு ஒழுகுது, மாத்தணும்" என்று ஒரே வரியில் எழுதியிருப்பார்கள். சித்திரை, வைகாசியில் ஒருவரும் கேட்பதில்லை. ஸ்ரீவில்லிபுத்தூர், ராஜபாளையம், மலையடிவாரத்துத் திருவண்ணாமலை ஆகிய நம் பகுதிகளுக்குப் பெருமழை ஐப்பசி, கார்த்திகையில்தான். அந்த நேரத்தில் கூரையைப் பிரிக்கலாமா என்பதை விளக்கவே இதை எழுதுகிறோம்.

ஒழுகுகிறது என்பதற்காக மட்டும் இப்போது பிரிக்க வேண்டாம் என்பது எங்கள் கருத்து. காரணம் சுவர். நம் பழைய ஓட்டு வீடுகள் பலவற்றில் இருப்பது மண் சுவர், அல்லது மண் சாந்து வைத்துக் கட்டிய செங்கல் சுவர். மேலே சுண்ணாம்புப் பூச்சு இருப்பதால் உறுதியாகத் தெரியும். ஓடு அந்தச் சுவரின் தலையை நனையாமல் காக்கிறது. உத்திரமும் கைமரமும் எதிரெதிர்ச் சுவர்களைப் பிடித்து நிறுத்துகின்றன. கூரை முழுவதையும் இறக்கிய அன்று மழை பிடித்துக்கொண்டால், தண்ணீர் சுவரின் தலை வழியாக உள்ளே இறங்கும். மண் ஊறும், எடை கூடும், பிடிமானமும் இருக்காது. ஒவ்வொரு மழைக்காலத்திலும் இரவில் சுவர் இடிந்து உறக்கத்திலேயே மவுத்தானவர்கள் பற்றிய செய்தி வருகிறது. அல்லாஹ் பாதுகாக்க வேண்டும். 2023 டிசம்பர் 17, 18-ல் காயல்பட்டினத்தில் 24 மணி நேரத்தில் சுமார் 95 செ.மீ. கொட்டியதை நாம் மறக்கவில்லை. மண் சுவரை ஊறவைக்க அவ்வளவு மழை வேண்டாம், இரண்டு நாள் விடாத தூறலே போதும்.

ஆகவே உடைந்த ஓடுகளை மட்டும் மாற்றி, முகட்டின் இருபுறமும் இறங்கும்படி தார்ப்பாய் போட்டு, மணல் மூட்டை கட்டித் தொங்கவிடுங்கள். தை வரை தாங்கும். ஆனால் கைமரம் செல்லரித்துத் தொய்ந்திருந்தாலோ, சுவரில் புதிதாக விரிசல் ஓடினாலோ ஒரு நாளும் தாமதிக்கக் கூடாது. முதலில் வயதானவர்களையும் பிள்ளைகளையும் உறவினர் வீட்டுக்கு அனுப்பிவிடுங்கள். சாமான்களைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம்.

அப்படிப் பிரித்தே ஆக வேண்டிய வீட்டில், ஒரு நாளைக்கு ஒரு பகுதி மட்டும். ஐப்பசி இடிமழை பெரும்பாலும் பிற்பகலில்தான் இறங்கும். ஸுப்ஹுக்குப் பின் தொடங்கி லுஹருக்குள் மூடிவிடுமாறு கொத்தனாரிடம் முன்கூட்டியே பேசிவிடுங்கள். தார்ப்பாய் கைக்கு வராமல் ஓட்டில் கை வைக்க விடாதீர்கள். கூரையை ஒட்டி வரும் சர்வீஸ் ஒயரை மின்வாரியத்தில் சொல்லி இணைப்பைத் துண்டித்த பிறகே ஆள் ஏற வேண்டும். மின்னகம் எண் 94987 94987.

ஆஸ்பெஸ்டாஸ் ஷீட் போட்டவர்களுக்குத் தனியாகச் சொல்ல வேண்டியிருக்கிறது. வெயிலிலும் மழையிலும் பல வருடம் கிடந்த ஷீட் பார்க்க முழுசாக இருக்கும், கால் வைத்தால் உடையும். நனைந்தால் வழுக்கவும் செய்யும். ஷீட்டின் மேல் நேராக நடக்காமல், சட்டங்களின் மேல் பலகை போட்டு நடக்க வேண்டும். அதன் தூசியும் நார்களும் நெஞ்சுக்குள் போனால் ஆண்டுகள் கழித்துப் புற்றுநோய் வரை கொண்டுவிடும். எல்லா வகை ஆஸ்பெஸ்டாஸும் அப்படித்தான் என்று உலக சுகாதார நிறுவனம் சொல்கிறது. எனவே தண்ணீர் தெளித்து, உடைக்காமல், முழு ஷீட்டாக இறக்குங்கள். உடைந்த துண்டுகளைப் பிள்ளைகள் விளையாடும் இடத்தில் கொட்ட வேண்டாம். கோழிக்கூண்டுக்கு என்று எடுத்து வைப்பதும் வேண்டாம்.

தார்சு போட நினைப்பவர்கள் தைக்குப் பின் தொடங்குவது நல்லது. போட்ட கான்கிரீட் இறுகுமுன் பலத்த மழை விழுந்தால் சிமெண்ட் கரைந்து போகும். சென்ட்ரிங் நிற்கும் நாட்களில் கீழே குடியிருக்கவும் முடியாது. மழை அவசரத்தில் வட்டிக்குப் பணம் வாங்கித் தார்சு போட்டவர்கள் இன்றும் தவணையோடு போராடுவதைப் பார்க்கிறோம். ஊராட்சிப் பகுதியில் குடிசையில் இருப்பவர்கள், 2024-ல் தொடங்கிய கலைஞரின் கனவு இல்லம் திட்டத்தில் சேர முடியுமா என்று ஒன்றிய அலுவலகத்தில் விசாரியுங்கள். அதில் 360 சதுர அடி வீட்டுக்கு ரூ.3.50 லட்சம். மழையில் வீடு சேதமானால், பிரிக்கும் முன்பே நான்கு பக்கமும் போட்டோ எடுத்து, கிராம நிர்வாக அலுவலரிடம் எழுதிக் கொடுங்கள். சரி செய்த பிறகு போனால் சேதத்தைக் காட்ட ஒன்றும் இருக்காது.

தார்ப்பாயும் முட்டுக் கொடுக்கக் கம்புகளும் அறக்கட்டளை அலுவலகத்தில் இரவல் கிடைக்கும். அஸருக்குப் பின் வந்து எழுதி வைத்துவிட்டு எடுத்துச் செல்லலாம். இதற்கு மனுவோ ஜமாஅத் கடிதமோ தேவையில்லை.