சிறிய இருவீச்சுப் பந்தய மோட்டார் சைக்கிள்கள்

சிறிய இருவீச்சுப் பந்தய மோட்டார் சைக்கிள்கள் என்பவை 50 முதல் 135 கன செ.மீ. வரை கொள்ளளவுள்ள, இருவீச்சுப் பொறியால் இயங்கும் இலகுரக வண்டிகள் ஆகும். இப்பொறி பட்டறை வழக்கில் ‘டூ ஸ்ட்ரோக்’ எனப்படுகிறது. தமிழ்நாட்டிலும் புதுச்சேரியிலும் யமஹா ஆர்எக்ஸ் 100, டிவிஎஸ் சுசுகி போன்ற பழைய சாலை வண்டிகளைச் சீரமைத்து ஓட்டுவதே இப்பொழுதுபோக்கின் பொதுவான வடிவம். பாகங்கள் குறைவு என்பதால் உரிமையாளரே இப்பொறியைக் கழற்றிப் பூட்ட முடியும். ஆனால், பொறியைக் காக்கும் எண்ணெய் பெட்ரோலுடன் சேர்ந்தே உள்ளே செல்வதால், பராமரிப்பில் நேரும் சிறு தவறும் ஓடும் வண்டியின் பின்சக்கரத்தைப் பூட்டிவிடக்கூடும். ஆகவே, இவ்வகை வண்டியில் வேகத்தையும் பராமரிப்பையும் பிரித்துப் பார்க்க இயலாது.

பொறி இயங்கும் முறை

நால்வீச்சுப் பொறியில் கிராங்க் தண்டு இருமுறை சுழன்றால் ஒருமுறை எரிதல் நிகழும். இருவீச்சுப் பொறியில் ஒவ்வொரு சுழற்சிக்கும் ஒருமுறை எரிதல் நிகழ்கிறது. இதில் நால்வீச்சுப் பொறியில் உள்ளதைப் போன்ற வால்வுகளோ கேம் தண்டோ இல்லை. சிலிண்டர் சுவரில் உள்ள துளைகளைப் பிஸ்டனே மூடித் திறக்கிறது. பிஸ்டன் மேலேறும்போது காற்று, பெட்ரோல், எண்ணெய் ஆகியவற்றின் கலவை கிராங்க் அறைக்குள் இழுக்கப்படுகிறது. கீழிறங்கும்போது அக்கலவை பக்கத் துளைகள் வழியே சிலிண்டருக்குள் தள்ளப்படுகிறது.

ஆர்எக்ஸ் 100 வண்டியின் சிலிண்டர் விட்டம் 50 மி.மீ.; பிஸ்டன் நகரும் தொலைவும் 50 மி.மீ. இதன்படி கொள்ளளவு 98 கன செ.மீ. ஆகிறது. நிமிடத்திற்கு 7,500 சுழற்சியில் இது ஏறத்தாழ 11 குதிரைத்திறன் தருகிறது. அந்த வேகத்தில் நொடிக்கு 125 முறை எரிதல் நிகழ்கிறது. ஒவ்வொரு முறையும் பிஸ்டனுக்கும் சிலிண்டருக்கும் இடையே உள்ள மெல்லிய எண்ணெய்ப் படலமே உலோகம் உலோகத்தோடு உரசாமல் தடுக்கிறது.

பந்தயப் பின்னணி

உலகப் பந்தயங்களில் இருவீச்சுப் பொறியை முன்னிலைக்குக் கொண்டுவந்தவர் கிழக்கு ஜெர்மனியின் எம்இசட் நிறுவனப் பொறியாளர் வால்டர் காடன். புகைபோக்கியின் வடிவத்தை மாற்றி, அழுத்த அலைகளின் உதவியால் திறனைக் கூட்டும் முறையை அவர் செம்மைப்படுத்தினார். 1961இல் அவருடைய 125 கன செ.மீ. பொறி 25 குதிரைத்திறனை எட்டியது. அதே ஆண்டு அவருடைய பந்தய வீரர் எர்ன்ஸ்ட் டெக்னர் மேற்கு நாடுகளுக்குத் தப்பிச்சென்று சுசுகி நிறுவனத்தில் சேர்ந்தார். 1962இல் தொடங்கிய 50 கன செ.மீ. உலகப் பந்தயப் பிரிவின் முதல் பட்டத்தைச் சுசுகி வண்டியில் அவரே வென்றார். இப்பிரிவு 1983 வரையும், அதற்குப் பின்வந்த 80 கன செ.மீ. பிரிவு 1989 வரையும், 125 கன செ.மீ. பிரிவு 2011 வரையும் நடைபெற்றன.

தமிழ்நாட்டில் சென்னைக்கு வடக்கே சோழவரத்தில் உள்ள இரண்டாம் உலகப்போர்க் கால விமான ஓடுதளமே நெடுங்காலம் பந்தயக் களமாக இருந்தது. 1953இல் தொடங்கப்பட்ட மெட்ராஸ் மோட்டார் ஸ்போர்ட்ஸ் கிளப் அங்குப் பந்தயங்களை நடத்தியது. 1990இல் திருப்பெரும்புதூர் அருகே இருங்காட்டுக்கோட்டையில் ஏறத்தாழ 3.7 கி.மீ. நீளமுள்ள நிலையான பந்தயத் தடம் அமைந்தது. கோயம்புத்தூர் அருகே செட்டிப்பாளையத்தில் கரி மோட்டார் ஸ்பீட்வே உள்ளது.

வண்டிகளும் அருகிலேயே உருவாயின. ஓசூரில் 1980இல் டிவிஎஸ் 50 மொபெட்டும், 1984இல் சுசுகியுடன் இணைந்து 100 கன செ.மீ. வண்டியும் வெளிவந்தன. மைசூரில் ஜாவா, யெஸ்டி வண்டிகள் தயாராயின. ஆர்எக்ஸ் 100 1985 முதல் 1996 வரை தயாரிக்கப்பட்டது. புகைக் கட்டுப்பாட்டு விதிகள் கடுமையானதும் இருவீச்சு மோட்டார் சைக்கிள்களின் உற்பத்தி படிப்படியாக நின்றது. எனவே இன்று ஓடுபவை பெரும்பாலும் கால் நூற்றாண்டைக் கடந்த பொறிகளே.

வில்லியனூர், பாகூர் சூழல்

புதுச்சேரிப் பகுதியின் ஐந்து கொம்யூன்களில் வில்லியனூரும் பாகூரும் அடங்கும். இரண்டும் ஏரிப்பாசன வேளாண் பகுதிகள். பாகூர் கொம்யூனின் கிழக்கு விளிம்பு கடலைத் தொடுகிறது. இச்சூழல் பழைய வண்டிகளை மூன்று வகையில் பாதிக்கிறது.

அறுவடைக் காலத்தில் நெல் தூசும் மண் புழுதியும் காற்று வடிகட்டியை அடைக்கின்றன. வடிகட்டியைக் கழற்றிவிட்டு ஓட்டினால் புழுதி நேரே கிராங்க் அறைக்குள் சென்று தாங்கிகளையும் பிஸ்டன் ரிங்குகளையும் தேய்க்கும். கடற்காற்றின் உப்பு, சங்கிலியையும் பெட்ரோல் டேங்கின் உட்புறத்தையும் துருப்பிடிக்கச் செய்கிறது. துரு உதிர்ந்து கார்புரேட்டர் ஜெட்டை அடைக்கிறது. மூன்றாவது, மழைக்கால ஈரம். 2023 முதல் இந்தியாவில் 20 விழுக்காடு எத்தனால் கலந்த பெட்ரோல் விற்பனைக்கு வந்தது. எத்தனால் ஈரத்தை ஈர்ப்பதால், வாரக்கணக்கில் நிற்கும் வண்டியின் டேங்கின் அடியில் நீர் தங்கக்கூடும். வண்டியை நீண்டநாள் நிறுத்துமுன் டேங்கையும் கார்புரேட்டர் கிண்ணத்தையும் வடித்துவிடுவது நல்லது.

பராமரிப்பு

எண்ணெய்: ஆர்எக்ஸ் 100 வண்டியில் தனி எண்ணெய்த் தொட்டியும் பம்பும் உண்டு. தொட்டி ஒருமுறை வற்றினால் குழாயில் காற்று புகுந்துவிடும். மீண்டும் எண்ணெய் ஊற்றினால் மட்டும் போதாது. காற்றை வெளியேற்ற வேண்டும். பம்பு இல்லாத வண்டியில் 2டி எண்ணெயைப் பெட்ரோலில் அளந்து கலக்க வேண்டும். லிட்டருக்கு 20 மி.லி. என்பது 50:1 விகிதம், 40 மி.லி. என்பது 25:1 விகிதம். எந்த விகிதம் என்பதைத் தயாரிப்பாளர் கையேடும் எண்ணெயின் தரமும் முடிவு செய்கின்றன. கியர் பெட்டியின் எண்ணெய் இதிலிருந்து வேறானது.

காற்று வடிகட்டி: பஞ்சு வடிகட்டியை மண்ணெண்ணெயில் கழுவி, முறுக்காமல் அழுத்திப் பிழிந்து, உலர்த்தி, சிறிது எண்ணெய் தடவிப் பொருத்த வேண்டும்.

பிளக்: கழற்றிய பிளக்கின் நிறம் பொறியின் நிலையைக் காட்டும். இளம் பழுப்பு சரியான கலவைக்கு அடையாளம். கரிய, ஈரமான பிளக் பெட்ரோல் மிகுதியையும், வெளிறிய பிளக் பெட்ரோல் குறைவையும் காட்டும். வெளிறிய பிளக்கோடு வேகமாக ஓட்டுவது ஆபத்தானது.

ஆயில் சீல்: கிராங்க் தண்டின் இருபுறமும் உள்ள சீல்கள் வயதாகும்போது கடினமாகின்றன. மேக்னெட் பக்கச் சீல் கசிந்தால் வெளிக்காற்று உள்ளே நுழைந்து கலவை மெலியும். ஆக்சிலேட்டரைக் கூட்டாமலே பொறியின் வேகம் ஏறும். கிளட்ச் பக்கச் சீல் கசிந்தால் கியர் எண்ணெய் உள்ளே இழுக்கப்பட்டு வெண்புகை பெருகும்; கியர் பெட்டியில் எண்ணெய் அளவு குறைந்துகொண்டே வரும்.

கரி: எரிந்த எண்ணெயின் கரி வெளியேற்றத் துளையிலும் சைலன்சரிலும் படிந்து வண்டியின் இழுவையைக் குறைக்கும். அதை அவ்வப்போது சுரண்டி எடுக்க வேண்டும். சிலிண்டர் சுவரில் கீறல் விழக்கூடாது.

பிஸ்டன்: தேய்ந்த சிலிண்டரை லேத் பட்டறையில் போரிங் செய்து, 0.25 மி.மீ. படிகளில் பெரிய பிஸ்டன் பொருத்துவது வழக்கம். ரிங்கின் முனைகள் பிஸ்டனில் உள்ள சிறு ஊசிக்கு நேராக அமைய வேண்டும். தவறினால் முனை துளையில் சிக்கி உடையும்.

பொறி இறுகுதல்

எண்ணெய் குறைந்தாலோ, கலவை மெலிந்தாலோ, சூடு எல்லை மீறினாலோ பிஸ்டன் விரிந்து சிலிண்டரைக் கவ்வுகிறது. பட்டறைகளில் இது ‘சீஸ் ஆவது’ அல்லது ‘பிஸ்டன் ஜாம்’ எனப்படுகிறது. அக்கணமே பின்சக்கரம் சுழல்வதை நிறுத்தி வழுக்கும். உடனே கிளட்ச்சைப் பிடித்தால் சக்கரம் விடுபடும். இதனால்தான் பழகிய ஓட்டுநர்கள் வேகமாகச் செல்லும்போது இரு விரல்களைக் கிளட்ச் பிடியிலேயே வைத்திருக்கின்றனர்.

இறுகிய பொறி குளிர்ந்ததும் பெரும்பாலும் மீண்டும் ஓடும். ஆனால் அது பழுது நீங்கியதற்கு அடையாளமன்று. சிலிண்டரைக் கழற்றிக் கீறலைப் பார்ப்பதோடு, இறுகியதன் காரணத்தையும் கண்டறிய வேண்டும். காரணத்தை விட்டுவிட்டுப் பிஸ்டனை மட்டும் மாற்றினால் புதிய பிஸ்டனும் அவ்வாறே இறுகும்.

வேகத்திற்கான மாற்றங்கள்

பந்தய வண்டியின் சைலன்சர் முதலில் விரிந்து, பின் குறுகும் கூம்பு வடிவில் இருக்கும். விரியும் பகுதியிலிருந்து திரும்பும் அலை எரிந்த வாயுவை வெளியே இழுக்கிறது. குறுகும் பகுதியிலிருந்து திரும்பும் அலை, தப்பிச்செல்லும் புதிய கலவையை மீண்டும் சிலிண்டருக்குள் தள்ளுகிறது. இது ஒரு குறிப்பிட்ட சுழற்சி வேகத்தில் மட்டுமே பயன் தரும். கார்புரேட்டர் ஜெட்டை மாற்றாமல் சைலன்சரை மட்டும் மாற்றினால் கலவை மெலியும்.

வெளியேற்றத் துளையை உயர்த்தி அராவினால் திறன் மேல்வேகத்திற்கு நகரும். கீழ்வேகத்தில் இழுவை குறையும். அராவிய உலோகத்தை மீண்டும் சேர்க்க முடியாது. சிலிண்டர் தலையைச் சீவி அழுத்தத்தைக் கூட்டினால் பெட்ரோல் நேரத்திற்கு முன் வெடித்துப் பிஸ்டனில் துளை விழக்கூடும். மாற்றங்களை ஒவ்வொன்றாகச் செய்து, ஒவ்வொரு முறையும் பிளக்கைப் பார்ப்பதே பாதுகாப்பான வழி.

ஓட்டும் இடமும் சட்டமும்

1988ஆம் ஆண்டின் மோட்டார் வாகனச் சட்டப்படி, அரசின் எழுத்துமூல அனுமதியின்றிப் பொதுச்சாலையில் பந்தயம் ஓட்டுவது குற்றம். பதிவுச் சான்றில் உள்ள விவரங்களுக்கு மாறாக வண்டியை மாற்றியமைப்பதையும் அச்சட்டம் தடைசெய்கிறது. புதுச்சேரிப் பகுதி ஒரே துண்டாக இல்லாமல் தமிழ்நாட்டு ஊர்களுக்கிடையே சிதறிக் கிடந்தாலும், இது மத்தியச் சட்டம் என்பதால் எல்லையின் இருபுறமும் ஒன்றுபோலவே பொருந்தும். பதினைந்து ஆண்டுகளைக் கடந்த வண்டிக்கு, ஐந்தாண்டுக்கு ஒருமுறை சோதனையுடன் பதிவைப் புதுப்பிக்க வேண்டும்.

கிராமச் சாலைகளில் உலரவைத்த நெல், மாட்டுவண்டி, கரும்பு ஏற்றிய டிராக்டர் ஆகியவை எதிர்பாராமல் எதிர்ப்படும். பின்சக்கரம் பூட்டிக்கொண்டால் வண்டி விலகி ஓட அங்கு இடமில்லை. பந்தயத் தடத்தில் விலகிச்செல்ல வெற்றிடமும் மருத்துவ உதவியும் உண்டு. தொடங்கும் முன் வண்டி சோதிக்கப்படும். இப்பகுதி ஆர்வலர்களுக்கு அருகிலுள்ள நிலையான தடம், திண்டிவனம், செங்கல்பட்டு வழியே செல்லக்கூடிய இருங்காட்டுக்கோட்டையே ஆகும். போட்டியில் பங்கேற்க இந்திய மோட்டார் விளையாட்டுக் கழகங்களின் கூட்டமைப்பு வழங்கும் உரிமமும், முழுமுகத் தலைக்கவசம், தோலாடை, கையுறை, காலணி ஆகியவையும் தேவை.

அசல் உதிரிபாகங்கள் அரிதாகி வருவதால், தரம் குறைந்த போலி பிஸ்டன்களும் சீல்களும் சந்தையில் கலந்துள்ளன. பொருத்தும் முன் பிஸ்டனையும் சிலிண்டரையும் மைக்ரோமீட்டரால் அளந்து பார்ப்பதும், போரிங் செய்த பொறியை முதல் 500 கி.மீ. வரை மிதமாக ஓட்டுவதும் பழைய பொறிகளின் ஆயுளை நீட்டிக்கும் எளிய வழிகளாகும்.