இன்சூரன்ஸ் கம்பெனியின் பேரேடும் திறக்கட்டும்

பிரீமியம் கட்ட வணிகர் தயார். சரக்கிருப்பும் சரி, கணக்கும் சரி. ஆனால் கடை இருக்கும் பேட்டையின் பெயரைக் கேட்டதுமே "அந்தப் பகுதிக்குப் பாலிசி கொடுப்பதில்லை" என்று ஏஜெண்டு கையை விரித்துவிட்டால்? அமெரிக்காவில் கறுப்பின மக்கள் செறிந்து வாழும் நகர்ப்பகுதிகளில் பல்லாண்டு காலம் நடந்த சங்கதி இது. சிவப்புக் கோடு போடுதல் என்று அதற்குப் பெயர்.

இதன் விளைவை வியாபாரிக்கு விளக்க வேண்டியதில்லை. இன்சூரன்ஸ் இல்லாத சரக்கின் பேரில் எந்த வங்கி கடன் தரும்? 1960-களின் கலவரங்களுக்குப் பின் கம்பெனிகள் மேலும் ஒதுங்கவே, 1968-இல் மத்திய அரசு சட்டம் செய்தது. அதையொட்டிப் பல மாநிலங்களில் வேறு வழியற்றவர்களுக்கென்று பொதுத் திட்டம் வந்தது. விலை கூடுதல், பாதுகாப்பு குறைவு. 1992 லாஸ் ஏஞ்சல்ஸ் கலவரத்தில் கடையைப் பறிகொடுத்த கொரிய வணிகர்கள் பலர், உரிமம் பெறாத வெளிநாட்டுக் கம்பெனிகளிடம் பாலிசி வாங்கியிருந்தனர். நஷ்ட ஈடு கேட்டபோதுதான் அந்தக் காகிதத்தின் மதிப்பு தெரிந்தது.

சரி, பாரபட்சத்தை எப்படி நிரூபிப்பது? வங்கிகள் விஷயத்தில் 1975-ஆம் ஆண்டுச் சட்டம் வழி காட்டியது. எந்தப் பகுதிக்கு எவ்வளவு வீட்டுக்கடன் என்று அவை வெளியிட்டாக வேண்டும். இன்சூரன்சுக்கும் அதே முறை வேண்டும் என்ற மசோதா 1994-இல் கீழ்ச்சபையில் நிறைவேறியும் சட்டமாகவில்லை. அங்கே இன்சூரன்ஸ் கண்காணிப்பு பெரும்பாலும் மாநிலங்களின் கையில் இருப்பதால், போராட்டம் மாநிலம் மாநிலமாக நடந்தது.

கம்பெனிகள் சொன்ன பதில் இரண்டு. ஒன்று, அப்பகுதிகளில் தீயும் திருட்டும் அதிகம் என்பது. அப்படியானால் பின்கோடு வாரியாக வசூலித்த பிரீமியத்தையும் கொடுத்த நஷ்ட ஈட்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துக் காட்டலாமே! கணக்கு சரியென்றால் அவர்கள் பக்கமே நியாயம். இரண்டாவது, தொழில் ரகசியம். இது அடியோடு தள்ளக்கூடிய வாதமல்ல. போட்டிக்காரன் நம் கொள்முதல் விலையை அறிவதை நாம் விரும்புவோமா?

ஆயினும் கலிபோர்னியா உச்ச நீதிமன்றம் 2004-இல் இதை ஏற்கவில்லை. 1988-இல் வாக்காளர்கள் நிறைவேற்றிய சட்டத்தின்படி கம்பெனிகள் கமிஷனரிடம் தாக்கல் செய்யும் பகுதிவாரி விவரம், தொழில் ரகசியமே ஆனாலும், பொதுமக்கள் பார்வைக்கு உரியது என்று தீர்ப்பளித்தது.