காசநோய் மருந்தும் நெசவாளர் கண்ணும்

செங்கோட்டை சென்னை இராஜ்யத்துடன் இணைந்த 1956ஆம் ஆண்டிலேயே, சென்னைச் சேத்துப்பட்டில் காசநோய் மருந்தாராய்ச்சி நிலையம் தோன்றிற்று. வீட்டிலிருந்து மருந்துண்டாலும் இந்நோய் தீரும் என்று 1959இல் உலகிற்குக் காட்டியது அதுவே. வீட்டில் உண்பதாயின், மருந்தினால் விளையும் தீங்கை முதலில் காண வேண்டியவரும் வீட்டாரே.

சிறுநீர் செந்நிறமாகிறதென்று அஞ்சி மாத்திரையை நிறுத்திய அங்கத்தினரை நாம் கண்டதுண்டு. அது ரிபாம்பிசின் மருந்தின் நிறமேயன்றி இரத்தமன்று, அச்சம் வேண்டுவதில்லை.

அஞ்ச வேண்டியது வேறு. எத்தாம்பியூட்டால் என்னும் மருந்து சிலருக்குக் கண் நரம்பைத் தாக்கும். பார்வை மங்கும்; சிவப்பும் பச்சையும் வேற்றுமையின்றித் தோன்றும். நாள்தோறும் நூலின் நிறம் பார்க்கும் நெசவாளர் இதனைப் பிறரினும் முன்னரே உணர்வர் என்பது நமது எண்ணம். சாயம் சரியில்லை, விளக்கு போதவில்லை என்று இருந்துவிடலாகாது. காலத்தில் அம்மருந்தை நிறுத்தினால் பெரும்பாலோர்க்குப் பார்வை மீளும்.

கண் மஞ்சளாதலும் ஓயாத வாந்தியும் கல்லீரல் கேட்டின் குறிகளாகலாம். கை கால் மரத்துப்போவது ஐசோனியசிட்டினால். அதற்குப் பைரிடாக்சின் என்னும் வைட்டமின் உண்டு.

பார்வையோ கண்ணின் நிறமோ மாறினால், அடுத்த வேளை மாத்திரைக்கு முன்னரே, மாத்திரை அட்டையுடன் அரசினர் மருத்துவமனைக்குச் செல்க. மருந்தின் தீங்கைத் தெரிவிக்கக் கட்டணமில்லாத் தொலைபேசியும் உண்டு: 1800-180-3024.