கைத்தொழிலும் தோல் ஒவ்வாமையும்

சாயத் தொட்டியில் கை நனைப்போரும் வயலில் களை பறிப்போரும் தோலையே கவசமாகக் கொண்டு உழைப்பவர்கள். அத்தோலில் தடிப்பும் அரிப்பும் நீர்க்கொப்புளமும் கண்டால், உடற்சூடு என்று சிலர் காலங்கடத்துகின்றனர். ஒட்டுவாரொட்டி என்று அஞ்சிச் சிலர் விலகுகின்றனர். பல வேளைகளில் இதற்குக் காரணம், அன்றாடம் புழங்கும் பொருளொன்றை உடல் ஏற்க மறுப்பதே. இது பிறருக்குத் தொற்றாது.

எரிச்சல் வேறு, ஒவ்வாமை வேறு

காஸ்டிக் சோடா எவர் தோலையும் புண்ணாக்கும். ஒவ்வாமையோ சிலருக்கே வரும். பல ஆண்டுகள் தீங்கின்றிப் பழகிய பொருளும் ஒரு நாள் பகையாகலாம். உடலின் காவல் அணுக்கள் அதனை நினைவில் இருத்திக்கொண்டபின், சிறிதளவு பட்டாலும் ஓரிரு நாளில் தோல் சிவந்து அரிக்கும். களிம்பு தடவிக்கொண்டு அப்பொருளையே தொட்டுவருவது ஓட்டைக் குடத்தில் நீர் நிரப்புவதாகும்.

இடமே சாட்சி

புண் தோன்றும் இடமே பெரும்பாலும் காரணத்தைக் காட்டும். காது மடலில் கண்டால், போலி நகையிலுள்ள நிக்கல் உலோகத்தை ஐயுறலாம். பாதத்தில் வாரின் வடிவில் கண்டால் ரப்பர் செருப்பை ஐயுறலாம். சலவைத் தொழிலாளர் துணியில் குறியிடும் சேராங்கொட்டைச் சாறு, அக்குறி படும் பிடரியில் புண் உண்டாக்கும். இரண்டாம் உலகப் போரின்போது இந்தியாவிலிருந்த அமெரிக்கப் படைவீரர் பலர் இதனால் துன்புற்றனர். 1956இல் நம் நாட்டிற்குப் புதிய களையாகப் பதிவு செய்யப்பட்ட பார்த்தீனியத்தின் உலர்ந்த துகள் காற்றில் பரவி, இமையிலும் கழுத்திலும் முழங்கை மடிப்பிலும் அழற்சி தரும். புண்ணுக்கு இடும் பிளாஸ்திரியின் பசையும், சில மருந்துக் களிம்புகளுங்கூடச் சிலருக்கு ஒவ்வா.

காரணத்தை உறுதி செய்ய, 1895இல் ஜெர்மானிய மருத்துவர் யோசப் யாடசோன் அறிவித்த ஒட்டுச் சோதனை இன்றும் துணை நிற்கிறது. ஐயத்திற்குரிய பொருள்களை உரிய அளவில் முதுகில் ஒட்டி, இரண்டு நாள் கழித்து எடுத்து, பின்னும் சில நாள் கவனிப்பர். இது தோல் மருத்துவர் செய்ய வேண்டியது. சாயத்தூளைத் தாமே தோலில் பூசிப் பார்ப்பது ஆபத்தாகும்.

பொருளை மாற்றினால் ஆளை மாற்ற வேண்டா

சிமெண்டில் கரையும் குரோமியம், கொத்தர் கைகளைக் கெடுத்து வந்தது. 1981இல் டென்மார்க் நாட்டில் சிமெண்டுடன் இரும்பு சல்பேட்டைக் கலக்கலாயினர்; அதன்பின் அங்கு அந்நோய் குறைந்தது. நம் சாயச் சாலைகளிலும் வாட் சாயத்தை நிலைப்படுத்தப் பயன்படும் டைக்ரோமேட்டில் இதே குரோமியம் உண்டு. அதற்கு மாற்றாக ஹைட்ரஜன் பெராக்சைடு உதவும். கையுறை அணிவதும் நன்றே. ஆயின் ரப்பர் கையுறையே சிலருக்கு ஒவ்வாதாதலின், அத்தகையோர் மாற்றுக் கையுறை பெறல் வேண்டும். பார்த்தீனியத்தைப் பூக்குமுன் வேரோடு களைக. அது ஒவ்வாதவரை அவ்வேலைக்கு அனுப்பற்க.

கை கெட்டால் கூலி கெடும் என்று அஞ்சி நோயை மறைப்போர் உண்டு. அவர்களை வேலையினின்று விலக்குவது கூட்டுறவு ஆகாது. நோய்க்குரிய பொருளைக் கண்டறிந்து அதனை விலக்குவதே சங்கங்களின் கடமையென வற்புறுத்துகிறோம்.