வேலியும் பயிரும்: கனடாவின் நூறாண்டு விவாதம்

பயிரைக் காக்க வேலி வேண்டும். அந்த வேலியே பயிரை மேயத் தொடங்கினால் யாரிடம் போய் முறையிடுவது?

எங்கள் கல்லூரித் தமிழ் விவாதப் போட்டியில் ‘நாட்டின் பாதுகாப்புக்காகத் தனிமனித சுதந்திரத்தைக் கட்டுப்படுத்தலாம்’ என்ற தலைப்பு தரப்பட்டது. வெட்டிப் பேசிய அணியில் நான் இருந்தேன். ஒட்டிப் பேசிய தோழி ஒரேயொரு கேள்வியால் என்னை மடக்கிவிட்டாள். “ஓர் அமைச்சர் கடத்தப்பட்டிருக்கும்போது அரசாங்கம் சட்டப் புத்தகத்தைப் புரட்டிக்கொண்டிருக்க முடியுமா?” என்று கேட்டாள். எனக்குப் பதில் வரவில்லை. எங்கள் அணி தோற்றது.

அவள் கேட்டது கற்பனைக் கேள்வியல்ல, 1970இல் கனடாவில் உண்மையாகவே நடந்தது என்பதைப் பிறகு வாசித்து அறிந்தேன். அமைதியான நாடு, அகதிகளை ஏற்ற நாடு என்று நாம் அறிந்த கனடா, இக்கேள்வியைத் தனக்குள் நூறாண்டுக்கு மேலாக விவாதித்து வருகிறது. அன்று மேடையில் சொல்லத் தெரியாமற்போன பதிலை இங்கு எழுத முயல்கிறேன்.

ஒரு சட்டம், மூன்று தடவைகள்

முதலாம் உலகப்போர் தொடங்கிய 1914 ஆகஸ்ட் மாதத்தில் கனடியப் பாராளுமன்றம் போர்க்கால நடவடிக்கைகள் சட்டத்தை நிறைவேற்றியது. ஆபத்து வந்துவிட்டதாக அமைச்சரவை பிரகடனம் செய்தாற் போதும். அதன் பின்னர் ஆட்களைக் கைதுசெய்யவும், தடுத்து வைக்கவும், பத்திரிகைகளைத் தணிக்கை செய்யவும், சொத்துக்களைக் கையகப்படுத்தவும் அதற்கு அதிகாரம் கிடைத்தது.

அப்போரில் எதிரி நாட்டவர் என்ற பெயரில் எண்ணாயிரத்துக்கும் மேற்பட்டோர் முகாம்களில் அடைக்கப்பட்டனர். அவர்களிற் பெரும்பாலோர், ஒஸ்திரிய-ஹங்கேரியப் பேரரசின் ஆட்சியிலிருந்த பகுதிகளிலிருந்து பிழைப்புத் தேடி வந்த உக்ரேனியர்கள்.

மாணவியராகிய நாம் கவனிக்கவேண்டிய செய்தியொன்றும் அக்காலத்தில் உண்டு. 1917இல் கட்டாய இராணுவ சேவையைக் கொண்டுவந்த அரசாங்கம், அவ்வாண்டுத் தேர்தலில் வெல்வதற்காக ஒரு தேர்தற் சட்டத்தை இயற்றியது. கடல் கடந்து போரிட்ட வீரர்களின் மனைவியர், தாய்மார், சகோதரிகள், புதல்விகள் ஆகியோருக்கு அச்சட்டம் வாக்குரிமை வழங்கியது. கனடாவின் தேசியத் தேர்தலொன்றில் பெண்கள் வாக்களிக்க வழி பிறந்தது இப்படித்தான். அதே சட்டம், எதிரி நாடுகளிற் பிறந்து 1902க்குப் பின் பிரஜாவுரிமை பெற்ற பலரின் வாக்குரிமையைப் பறித்தது. ஒரு கையாற் கொடுத்து மறு கையாற் பறித்தார்கள். உரிமை என்பது அரசாங்கத்தின் தேவைக்கேற்ப வழங்கும் பரிசாகிவிட்டால், தேவை மாறும்போது பரிசும் திரும்பிப் போய்விடும்.

இரண்டாவது தடவை இன்னும் கொடுமையானது. 1941 டிசம்பரில் ஜப்பான் பேர்ல் துறைமுகத்தைத் தாக்கியது. அடுத்த ஆண்டில் பிரிட்டிஷ் கொலம்பியாவின் கடற்கரையோரத்தில் வாழ்ந்த ஏறத்தாழ 22,000 ஜப்பானியக் கனடியர்கள் வீடுகளிலிருந்து அகற்றப்பட்டனர். அவர்களிற் பெரும்பாலோர் கனடாவிலேயே பிறந்தவர்கள். மீன்பிடிப் படகுகள், வீடுகள், கடைகள் யாவும் பறிமுதலாகி விற்கப்பட்டன. தேசத்துரோகக் குற்றம் அவர்களில் ஒருவர் மீதேனும் நிரூபிக்கப்படவில்லை. போர் 1945இல் முடிந்தது. அவர்கள் கடற்கரைக்குத் திரும்ப அனுமதி கிடைத்ததோ 1949இல்தான். 1988 செப்டெம்பரில் பிரதமர் பிரையன் மல்ரோனி பாராளுமன்றத்தில் மன்னிப்புக் கோரினார். உயிரோடிருந்தோருக்குத் தலா 21,000 டொலர் வழங்கப்பட்டது. ஆனால் இடைப்பட்ட 46 ஆண்டுகளில் எத்தனையோ பேர் மறைந்துவிட்டனர்.

1970 ஒக்டோபர்

இனித் தோழியின் கேள்விக்கு வருவோம். கியூபெக் மாநிலத்தைத் தனிநாடாக்கக் கோரிய கியூபெக் விடுதலை முன்னணி என்ற ஆயுதக் குழு, 1963 முதல் குண்டுகளை வெடிக்கவைத்து வந்தது. 1970 ஒக்டோபர் 5ஆம் திகதி, மொன்றியல் நகரில் பிரித்தானிய வர்த்தக ஆணையாளர் ஜேம்ஸ் குரொஸ் கடத்தப்பட்டார். 10ஆம் திகதி மாநிலத் தொழில் அமைச்சர் பியர் லாபோர்ட் கடத்தப்பட்டார். தெருக்களில் இராணுவம் நின்றது. எவ்வளவு தூரம் போவீர்கள் என்று கேட்ட நிருபரிடம், பிரதமர் பியர் ட்ரூடோ பொறுத்திருந்து பாருங்கள் என்ற பொருள்படப் பதிலளித்தார்.

மாநில முதல்வர் ரொபேர்ட் பூராசாவும் மொன்றியல் மாநகர நிர்வாகமும் கேட்டுக்கொண்டதற்கிணங்க, 16ஆம் திகதி அதிகாலையில் போர்க்கால நடவடிக்கைகள் சட்டம் அமுலுக்கு வந்தது. போரில்லாத காலத்தில் அது பயன்பட்டது அதுவே முதற்றடவை. பிடியாணையின்றி 497 பேர் கைதாகினர். அவர்களில் குற்றஞ்சாட்டப்பட்டோர் 62 பேர் மட்டுமே. தொழிற்சங்கத்தினர், எழுத்தாளர்கள், கலைஞர்கள் எனப் பலதரப்பட்டோர் தடுத்து வைக்கப்பட்டனர். பாடகி போலின் ஜூலியனும் கவிஞர் ஜெரால்ட் கொடானும் அவர்களில் இருவர்.

லாபோர்ட் காப்பாற்றப்பட்டாரா? இல்லை. சட்டம் அமுலாகிய மறுநாளே அவரது சடலம் மோட்டார் வண்டியொன்றின் பின்பெட்டியில் கண்டெடுக்கப்பட்டது. குரொஸ் டிசம்பர் 3ஆம் திகதி விடுதலையானார். அதற்கு வழிவகுத்தது, கடத்தியவர்களைக் கியூபாவுக்குச் செல்லவிடும் உடன்பாடு. அன்றைய அச்சம் பொய்யானதல்ல. ஆயினும் நூற்றுக்கணக்கானோரைச் சிறையிலிட்டது அந்த அச்சத்துக்கு மருந்தாகவில்லை.

அன்று மக்களில் மிகப் பெரும்பாலோர் அரசாங்கத்தின் பக்கமே நின்றனர். பாராளுமன்றத்தில் 190 பேர் ஆதரித்து வாக்களிக்க, டொமி டக்ளஸ் தலைமையிலான புதிய ஜனநாயகக் கட்சியினர் 16 பேர் எதிர்த்தனர். பயங்கரவாதிகளுக்குத் துணைபோகிறார்கள் என்ற பழிச்சொல் அவர்கள்மீது விழுந்தது. காலப்போக்கில் அந்தப் பதினாறு பேரின் வாதத்துக்கு மதிப்புக் கூடியது. கவிஞர் கொடான் 1976 தேர்தலில் முதல்வர் பூராசாவை அவரது சொந்தத் தொகுதியிலேயே தோற்கடித்தார்.

வேலிக்கு ஒரு கட்டுப்பாடு

இவ்வனுபவங்களிலிருந்து கனடா பாடம் படித்தது. 1982இல் உரிமைகள் மற்றும் சுதந்திரங்கள் பற்றிய சாசனம் அரசியலமைப்பில் இடம்பெற்றது. 1988இல் பழைய சட்டத்தை நீக்கி அவசரநிலைகள் சட்டம் இயற்றப்பட்டது. இதன்படியும் அரசாங்கம் விசேட அதிகாரங்களைப் பெறலாம். ஆனால் சாதாரண சட்டங்களாற் சமாளிக்க முடியாத நிலை என்பதைக் காட்டவேண்டும். ஏழு அமர்வு நாட்களுக்குள் பாராளுமன்றத்தின் முன் வரவேண்டும். பொது ஒழுங்கு தொடர்பான பிரகடனம் 30 நாட்களில் காலாவதியாகும். முடிந்த பின் கட்டாயமாக விசாரணை நடத்தவேண்டும். இனம், நிறம், மதம், பால் என்பவற்றின் அடிப்படையில் பிரஜைகளையோ நிரந்தர வதிவாளரையோ தடுத்து வைக்கக்கூடாது. இந்தக் கடைசி வாசகத்துக்குப் பின்னால் ஜப்பானியக் கனடியர்களின் கண்ணீர் இருக்கிறது.

இச்சட்டம் முதன்முதலாகப் பயன்பட்டது 2022 பெப்ரவரி 14ஆம் திகதி. கொவிட் கட்டுப்பாடுகளை எதிர்த்துப் பாரவூர்திகளோடு வந்தவர்கள் தலைநகர் ஒட்டாவாவின் வீதிகளை மூன்று வாரங்களாக மறித்திருந்தனர். ஒன்பது நாட்களில் பிரகடனம் மீளப்பெறப்பட்டது. அடுத்த ஆண்டு நீதிபதி போல் ரூலோ தலைமையிலான ஆணைக்குழு, சட்டத்தைப் பயன்படுத்தியது சரியே என்று தயக்கத்துடன் முடிவு செய்தது. 2024 ஜனவரியில் சமஷ்டி நீதிமன்ற நீதிபதி ஒருவர் அது நியாயமற்றது, சாசனத்தை மீறியது என்று தீர்ப்பளித்தார். கற்றறிந்தோரே இரு பக்கமும் நிற்கும் விவாதம் இது. 1970இல் கிடைக்காத அந்த விவாதத்துக்கு இப்போது சட்டத்திலேயே இடமிருக்கிறது.

சத்தமின்றிப் போகும் உரிமைகள்

அவசரநிலை பிரகடனமானாற்றான் உரிமை பறிபோகும் என்பதில்லை. சிரியாவில் பிறந்த கனடியப் பிரஜையான பொறியியலாளர் மாஹிர் அரார், 2002 செப்டெம்பரில் நியூயோர்க் விமான நிலையத்தில் தடுக்கப்பட்டுச் சிரியாவுக்கு அனுப்பப்பட்டார். அங்கே ஏறத்தாழ ஓராண்டு சிறையில் சித்திரவதை அனுபவித்தார். கனடியப் பொலிஸார் அவரைப்பற்றித் தவறான தகவல்களை அமெரிக்காவுக்கு வழங்கியிருந்தமையை விசாரணை ஆணைக்குழு 2006இல் வெளிப்படுத்தியது. மறு ஆண்டு அரசாங்கம் மன்னிப்புக் கோரி, ஒரு கோடி ஐந்து இலட்சம் டொலர் நட்டஈடு வழங்கியது. அவர் சிறையிலிருந்த காலமெல்லாம் சின்னஞ்சிறு பிள்ளைகளோடு கதவு கதவாகத் தட்டி நீதி கேட்டவர் அவரது மனைவி மொனியா மாசிக்.

இன்னொன்று நம்மைப் போன்ற பெண்பிள்ளைகளை நேரடியாகத் தொடுவது. கியூபெக் மாநிலம் 2019இல் நிறைவேற்றிய 21ஆம் இலக்கச் சட்டத்தின்படி, அரச பாடசாலை ஆசிரியர்கள், பொலிஸார் உள்ளிட்ட சில பதவியினர் கடமையின்போது மத அடையாளங்களை அணியக்கூடாது. ஏற்கனவே பணியிலிருந்தோருக்கு விலக்கு உண்டு. ஆனால் இன்று கல்வியியல் படிக்கும் ஹிஜாப் அணிந்த மாணவிக்கு அந்த வகுப்பறைக் கதவு மூடப்பட்டுவிட்டது. சாசனத்தின் 33ஆம் பிரிவு, சில உரிமைகளையும் மீறிச் சட்டமியற்ற ஐந்தாண்டுகளுக்கு இடமளிக்கிறது. அதைப் புதுப்பிக்கவும் முடியும். பயிரைக் காக்கும் சாசனத்திலேயே ஒரு கடப்பு விடப்பட்டிருக்கிறது.

வேலியும் பலமாக வேண்டும்

பாதுகாப்பே வேண்டாம் என்பதல்ல என் வாதம். மூன்று சமுத்திரங்களும் பலம்வாய்ந்த அயல்நாடும் துணையிருக்கின்றன என்று எண்ணி, கனடா நீண்டகாலம் இராணுவத்துக்குக் குறைவாகவே செலவிட்டது. 1949 முதல் நேட்டோ அங்கத்துவ நாடாக இருந்தும், மொத்த உள்நாட்டு உற்பத்தியில் 2 சதவீதம் என்ற இலக்கை அது பல ஆண்டுகளாக எட்டவில்லை. உக்ரேன் போரும், கனடாவைத் தமது 51ஆவது மாநிலமாக்குவது பற்றி அமெரிக்க ஜனாதிபதி பேசியதும் நிலைமையை மாற்றின. 2025 ஜூனில் பிரதமர் மார்க் கார்னி அந்த நிதியாண்டிலேயே இலக்கை எட்டப்போவதாக அறிவித்தார். அதே மாதம் நேட்டோ நாடுகள் 2035க்குள் 5 சதவீதம் என்ற புதிய இலக்கை ஏற்றன. அந்தப் பணம் எங்கிருந்து வரும், எதைக் குறைப்பது, ஆயுதத்தை யாரிடம் வாங்குவது என்ற வாதங்கள் இப்போது அங்கே நடக்கின்றன.

படையில் விரும்பிச் சேரும் இளைஞரை நம்பியிருக்கும் நாடு அது. தன்னைச் சந்தேகத்தோடு பார்க்கும் நாட்டுக்காக யார் மனமுவந்து சேருவார்? மக்களின் நம்பிக்கையும் ஆயுதத்தைப் போலவே ஒரு பாதுகாப்புத்தான்.

தோழிக்கு என் பதில் இதுதான். அமைச்சர் கடத்தப்பட்டால் அரசாங்கம் அதிகாரம் எடுக்கத்தான் வேண்டும். ஆனால் அதற்கு முன் நான்கு கேள்விகளுக்கு விடை தெரியவேண்டும். யார் தீர்மானிப்பது? எத்தனை நாளைக்கு? முடிந்த பின் யாரிடம் கணக்குச் சொல்வது? பெயரையும் மதத்தையும் பார்த்துக் கைதுசெய்யாமல் தடுப்பது எது? அவசரகாலச் சட்டமும் பயங்கரவாதத் தடைச்சட்டமும் பழகிப்போன நம் நாட்டிலும் இக்கேள்விகள் அந்நியமானவை அல்ல. சட்டப் புத்தகத்தை ஆபத்து வந்த அன்று புரட்ட நேரமிராது என்று அவள் சொன்னது சரிதான். அதனாற்றான் ஆபத்து வருமுன்பே அதை ஒழுங்காக எழுதிவைக்க வேண்டும்.